இடப்பக்கமாக நான்கு சுற்று

"கட்டடத்துக்குள்ள ஓட்டப்பந்தயமா? கல்யாண மண்டபம் மாதிரியா?" என்று கேட்டார் மாமா, அம்மாவின் தம்பி. "பந்தி நடக்குற எடத்துல பூந்து ஓடி சாம்பார் வாளியத் தட்டி வுட்டுறாதடா மாப்ள."

கடலூரில் எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டில் நடக்கும் உள்ளரங்கத் தடகளப் போட்டிக்கு, ஆண்கள் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுனாமிக்கு மூன்று வருடம் கழித்து நடந்த கதை இது. பாஸ்போர்ட் என்ற பொருளை அதற்கு முன் சவுதிக்கு வேலைக்குப் போனவர்கள் கையில்தான் பார்த்திருந்தேன். அவ்வளவு பெரிய விஷயத்தை இவர் சாம்பார் வாளியில் கொண்டுபோய் முடிக்கிறாரே என்று எரிச்சல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

உண்மையைச் சொன்னால், மாமாவுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். உள்ளரங்க ஓடுதளத்தை நான் கண்ணால் கண்டதில்லை. சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியின் கோச் சொன்னதுதான் என் அறிவு. நம் மைதானத்தில் ஒரு சுற்று நானூறு மீட்டர், அங்கே இருநூறு. இங்கே இரண்டு சுற்றில் முடிகிற பந்தயம் அங்கே நான்கு சுற்று. வளைவுகள் குறுகலாக இருக்கும், வெளி ஓரம் தூக்கிக் கட்டியிருக்கும். உள்பக்கம் சாய்ந்து ஓடத் தெரியாதவன் அந்த வளைவில் தடுமாறுவான். உள்பக்கம் என்றால் இடதுபக்கம். எந்த நாட்டில் எந்தப் போட்டியானாலும் இடது கை உள்ளே இருக்கும்படி, கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் ஓடுவார்கள். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. சோற்றை ஏன் வலது கையால் சாப்பிடுகிறோம் என்று கேட்காத மாதிரி.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கடலூர் சிதம்பரம் ரூட். டூட்டி இல்லாத நாளில் எனக்குப் பந்தயம் இருந்தால் வந்துவிடுவார். கடைசி வளைவில் கம்பி ஓரமாக நின்றுகொண்டு, நான் நெருங்கும்போது விசிலடித்து, "போலாம் ரைட்! ரைட், ரைட்!" என்று கத்துவார். பஸ்ஸைக் கிளப்புகிற அதே குரல்தான். "உங்கப்பா ரைட்டுங்குறாரு, நீ பாட்டுக்கு லெஃப்ட்ல திரும்பிப் போறியே மச்சான்" என்று கூட ஓடும் பையன்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு மானம் போகும். ஆனால் அந்தக் குரல் இல்லாத மைதானங்களில் கடைசி வளைவு எனக்கு நீளமாகத் தெரிந்தது.

அம்மா ஒரு பந்தயத்துக்கும் வந்ததில்லை. தன் கண்ணே எனக்குப் பட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். நான் கொண்டுவரும் கோப்பைகளைத் துடைத்து டிவிக்கு மேல் வைப்பதோடு சரி. அதனால் நான் எந்தப் பக்கமாக ஓடுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அது தெரியவேண்டிய விஷயம் என்று எங்களில் யாரும் நினைக்கவும் இல்லை.

அந்த ஐப்பசி மழை பிடித்த நாட்களில்தான் அப்பா விழுந்தார். பஸ் புதுச்சத்திரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்தும் விசில் வரவில்லையே என்று டிரைவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்பா பின்படிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாளின் முறுக்குக் கூடைமேல் சரிந்து கிடந்தார். டிரைவர் எங்கும் நிறுத்தாமல், பயணிகளோடு பஸ்ஸை நேராகச் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் நிறுத்தினார். பயணிகள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பாவுக்கு இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

அம்மா வார்டிலேயே தங்கினாள். தங்கை கடலூரில் மாமா வீட்டில் இருந்து வந்துபோனாள். நான் சிதம்பரத்தில் அறையெடுத்திருந்ததால் டிபன் வாங்கிக் கொடுப்பது, மருந்து வாங்குவது என் வேலை. அதற்கு நடுவில் பயிற்சி. பயணத்துக்குச் சில வாரங்களே இருந்தன, எங்கள் மைதானமோ குளமாகிக் கிடந்தது. தவளைகள்தான் அதில் பயிற்சி எடுத்தன. "டவுனுக்குள்ள தேர் வீதியில ஓடு. நாலு கார்னரும் நல்ல முக்கு. இடப்பக்கமாத் திரும்பித் திரும்பி ஓடு, அந்த வளைவுக்கு ஒடம்பு பழகட்டும்" என்றார் கோச்.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள்: கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. தேர் ஓடுவது வலமாக. சாமி புறப்படுவது வலமாக. விடியற்காலையில் வேண்டுதலுக்குச் சுற்றுகிறவர்களும் கோயில் தங்கள் வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரிதான் நடப்பார்கள். இடமாகச் சுற்றுவது சாவில் மட்டும். கொள்ளி வைக்கிற மகன் தோளில் தண்ணீர்ப் பானையை வைத்துக்கொண்டு, கிடத்தியிருக்கும் உடலை இடமாக மூன்று சுற்றுச் சுற்றுவான். பின்னால் வருகிறவர் சுற்றுக்கு ஒரு ஓட்டையாகப் பானையில் போடுவார். தாத்தாவுக்கு அப்பா அப்படிச் சுற்றியதை மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் தேர் வீதியில் ஓடும்போது அதெல்லாம் என் நினைவில் இல்லை. கோச் இடம் என்றார், இடம் ஓடினேன்.

அம்மாவும் அதே நாட்களில் அப்பாவுக்காக அந்த வீதிகளைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. அவள் வலமாக நடக்கிறாள், நான் இடமாக ஓடுகிறேன். இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்து நிற்காமல் வேறென்ன ஆகும்? வடக்கு வீதியிலிருந்து முழு வேகத்தில் சாய்ந்து மேல வீதிக்குள் திரும்பினேன். எதிரில் ஒயர்க் கூடையும் பிளாஸ்க்குமாக அம்மா. இடிக்காமல் நிற்பதற்குள் அவளைத் தாண்டிப் போய்விட்டேன்.

"என்னடா இந்தப் பக்கமா வர்ற?" என்றாள்.

"பிராக்டிஸ்மா. இப்படித் திரும்பித்தான் பழகணும்."

"கோயில எடமா சுத்துறியாடா? அப்பா அங்க அப்படிக் கெடக்குறப்ப?"

எனக்கு மூச்சு வாங்கியது. பால்காரர் ஒருவர் கேன்களோடு நான் போகிற திசையிலேயே சைக்கிளில் எங்களைக் கடந்து போனார். கையை நீட்டிக் காட்டினேன். "அந்தா, அவரும் இந்தப் பக்கமாத்தான் போறாரு. ஷேர் ஆட்டோ போவுது. அவுங்க வூட்டுல எல்லாம் யாராவது படுத்துட்டாங்களா?"

"அவுங்க போறாங்கடா. நீ சுத்துற."

பதில் தெரியாதபோதுதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி வரும். "ஒலகத்துல எல்லா ரேஸும் இப்படித்தாம்மா! ஸ்கூல்லேருந்து நான் ஓடுனதெல்லாம் இந்தப் பக்கந்தான்!" என்று நடுவீதியில் கத்தினேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். என் கால்களைப் பார்த்தாள். "அப்ப அத்தன வருசமா நீ எடந்தான் சுத்திக்கிட்டு இருந்தியா?" என்றாள் மெதுவாக. பிறகு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "அதான் பாத்து எடது பக்கமே வுழுந்துருக்கு."

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அப்பாவின் வியாதிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. டாக்டர் ரத்த அழுத்தம் என்றார், பீடியை விடச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டாக்டர் நகர்ந்ததும் என்னைப் பார்ப்பாள். திட்டவில்லை. திட்டினால் திருப்பிக் கத்தலாம். "நீ அந்த ரேசுக்குப் போவக் கூடாது" என்று மட்டும், சோறு போடும்போது சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வளைவில் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதற்கும் மூளையில் அடைக்கிற ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று படித்தவன் நான். ஆனாலும் பயந்தேன். நான் ஓடுகிற நாளில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அது அம்மாவின் கணக்கில் நான் செய்ததாகத்தான் இருக்கும். அவள் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருக்கும். ஓடாமல் விட்டால் எனக்கு இன்னொரு தடவை யாரும் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லப் போவதில்லை. இரண்டு நாள் தேர் வீதிப் பக்கமே போகாமல் அறையில் படுத்துக் கிடந்தேன். பிறகு அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து வலமாக ஓடிப் பார்த்தேன். அது இன்னும் கேவலமாக இருந்தது. உடம்பு கேட்கவில்லை, ஒவ்வொரு முக்கிலும் கால் பின்னிக்கொண்டது.

கடைசியில் வழக்கு அப்பாவிடம் போயிற்று. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். அம்மா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அப்பா முழுவதையும் கேட்டார். பேச்சு குழறும், ஆனால் புரியும்.

"எத்தினி சுத்து?" என்று என்னைக் கேட்டார்.

"நாலுப்பா."

"நாலுதான? வருசம் பூரா ஓடியிருக்கான், இந்த நாலுலதான் எனக்கு ஆவப் போவுதா?" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்து வாயைக் குவிக்கப் பார்த்தார். விசிலடிக்கப் போகிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. காற்று கோணிய பக்கமாக வெளியே போய்விட்டது, சத்தம் வரவில்லை. எச்சிலைத் துடைத்துவிட்டேன். "போலாம் ரைட்" என்றார். வார்டுக்கு வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன்.

போன ஊரின் பெயர் இங்கே முக்கியமில்லை. குளிர்ந்த ஊர். மாமா சொன்னதில் பாதி சரிதான். அரங்கம் பெரிய மண்டபம் மாதிரியேதான் இருந்தது, பந்தி மட்டும் இல்லை. ரப்பர் வாடை. காய்ந்த காற்று, தொண்டையில் உப்புத்தாள் தேய்ப்பது போல இருந்தது. மழை, வெயில், எதிர்காற்று என்று சாக்குச் சொல்ல ஒன்றும் கிடையாது. வளைவுகளின் சரிவில் ஏறி இறங்கிப் பார்த்தேன். தேர் வீதி முக்கெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. தகுதிச் சுற்றில் என்னோடு ஆறு பேர். முதல் இரண்டு பேர் இறுதிக்குப் போவார்கள். எனக்குக் கிடைத்தது வெளிப்பக்கத்து ஓடுபாதை, சரிவின் மேல் ஓரம்.

துப்பாக்கி வெடித்ததும் கால் ஓடியது, மனசு ஓடவில்லை. முதல் வளைவில் சாய்ந்தபோதே 'நீ சுத்துற' என்று கேட்டது. அவரவர் பாதை முடிந்து எல்லோரும் உள் ஓரத்துக்கு இறங்கும் இடத்தில் நான் இறங்கத் தயங்கினேன், ஐந்தாவதாக மாட்டிக்கொண்டேன். நான் மீட்டரை எண்ணவில்லை, நேரத்தை எண்ணவில்லை. சுற்றைத்தான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. எண்ண வேண்டாம் என்று நினைக்க நினைக்க எண்ணினேன். ஒவ்வொரு வளைவிலும் உடம்பை இடப்பக்கம் கொடுக்க மனசில்லாமல் நிமிர்ந்தேன், நிமிர்ந்தபோதெல்லாம் வெளியே தள்ளப்பட்டேன். இரண்டாவது சுற்றின் முடிவில் முன்னால் போனவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எனக்கு அம்மாமேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. அவளைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து, அங்கே நின்ற எல்லா நாட்டுப் பையன்களையும் காட்டி, இவங்க அப்பனுங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு, கேளு என்று கத்த வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது சுற்று முடிந்தது. கடைசிச் சுற்றுக்கான மணியை ஒருவர் கையில் பிடித்து அடித்தார். அப்போது எனக்குள் ஏற்பட்ட எண்ணத்தை நான் யாரிடமும் அன்று சொல்லவில்லை. சாவுக்கு மூன்று சுற்றுத்தான். நான்காவது சுற்று யாரும் யாருக்கும் சுற்றுவதில்லை. இது எந்த வீட்டுத் துக்கத்திலும் சேராது, இது வெறும் ஓட்டம். படித்தவன் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் அதை நினைத்தவுடன் தோள் இறங்கியது, உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. ஒருவனைத் தாண்டினேன், இன்னொருவனைத் தாண்டினேன். கடைசி வளைவில் 'ரைட், ரைட்' என்று நானே வாய்விட்டுச் சொன்னதாக ஞாபகம். இரண்டாவது ஆளின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் கோடு வந்துவிட்டது. மூன்றாவது. இறுதிப் போட்டி இல்லை.

வெட்கத்தையெல்லாம் விட்டு மேனேஜரிடம் கெஞ்சி அவருடைய போனை வாங்கித் தங்கையின் செல்லுக்கு அடித்தேன். "அப்பா நல்லா இருக்காருண்ணா. இன்னிக்குத் தானா எழுந்து ஒக்காந்தாரு" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோற்றது அப்போது நினைவிலேயே இல்லை. "அம்மாகிட்டக் குடு" என்றேன். "அம்மா இல்லண்ணா. காலையில கோயிலுக்குப் போனது இன்னும் வரல."

திரும்பி வந்ததும் நேராக வார்டுக்குப் போனேன். அப்பா நல்ல கையால் என் முதுகைத் தட்டினார். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்றேன். ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு, பந்தயத்தில் கிடைக்காததை இங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று.

"எப்படிடா ஆவும்?" என்றாள் அம்மா. "நீ அங்க நாலு சுத்துனே. நான் இங்க அஞ்சு சுத்துனேன்."

அவள் பாதங்களைப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, மஞ்சள் அப்பியிருந்தாள். தேர் வீதி நான்கையும் ஒரு தடவை சுற்றி வந்தாலே சாதாரண ஆளுக்குக் கால் கெஞ்சும். நான் சுற்றியதைப் பிரித்துவிடுவதற்காக அவள் வெறுங்காலில் ஐந்து தடவை வலமாகச் சுற்றியிருக்கிறாள்.

அப்பா தேறினார். கடலூர் வீட்டுக்கு வந்து, தடியூன்றி வாசல்வரை நடந்தார். பஸ் ஏற முடியவில்லை. எனக்கு ஓட்டத்தை வைத்து ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது, தொடர்ந்து ஓடினேன். நான் எங்கே ஓடினாலும், அன்றைக்கு அம்மா திருப்பாதிரிப்புலியூர் கோயிலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். தகுதிச் சுற்று என்றால் ஒரு தரம், ஃபைனல் என்றால் இன்னொரு தரம். தங்கையிடம் எத்தனை சுற்று என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்று கூட்டி நடப்பாள். ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடினால் அவளுக்கு இன்னும் நீளமான நாள். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் குதிகால் ஞாபகம் வரும். அப்படி ஓடி என்ன ஜெயிப்பது? ஒரு நாள் ஸ்பைக்ஸ் ஷூவைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்து, மூட்டு வலி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் மூட்டுக்கு ஒன்றுமில்லை. அப்பா மட்டும் நம்பவில்லை. "வண்டிய ஏன்டா ஷெட்டுல வுட்ட?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

அதற்கு அடுத்த வருடம், தானே புயலுக்கு முந்தைய வருடம், அப்பா போய்விட்டார். இரண்டாவது பக்கவாதம். நான் ஒரு அடிகூட இடப்பக்கமாக ஓடாமல் இருந்த வருடத்தில் போனார். இதை அம்மாவிடம் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. வாசலில் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது சொல்லக்கூடிய பேச்சா அது.

கெடிலத்தங்கரைச் சுடுகாட்டில் என் இடது தோளில் பானையை வைத்தார்கள். "எடப்பக்கமா வா மாப்ள" என்று மாமா கையைப் பிடித்துத் திருப்ப வந்தார். திருப்பவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் கால்மாட்டில் வளையும்போது என் உடம்பு உள்பக்கமாக, அவர் பக்கமாகச் சாய்ந்தது. பானைத் தண்ணீர் முதுகில் வழிந்தது. "ஓடாத மாப்ள, மெதுவா, மெதுவா" என்று பின்னால் மாமாவின் குரல் கேட்ட பிறகுதான் நான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. மூன்றாவது சுற்று முடிந்ததும் நிற்கச் சொன்னார்கள். எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது என்று கால் சொன்னது. மாமா இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினார். பானையைத் திரும்பிப் பார்க்காமல் போட்டேன்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. குளித்துவிட்டு மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கை பக்கத்தில் இருந்தாள். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மூணு சுத்தும் எடமாத்தான சுத்துன?"

"ஆமாம்மா."

"தடுமாறலயே?"

"இல்லம்மா."

"தடுமாற மாட்ட" என்றாள். "சின்ன வயசுலேருந்து சுத்திப் பழகுனவந்தான."

அம்மா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள் என்கிறாள் தங்கை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள், அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் அப்போது தலையைக் குனிந்து அம்மாவின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.